துறவி அறையின் தாழ்ப்பாள்

எங்கள் லார்பரி ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை, பெருமைக்கும் பஞ்சமில்லை. கழிப்பறைக்கு மட்டும்தான் பஞ்சம். சந்தைத் திடலில் இருந்த பொதுக் கழிப்பறையை மாவட்ட நிர்வாகம் இழுத்து மூடி ஏலத்தில் விட்டது. இப்போது அங்கே ஒரு காப்பிக் கடை நடக்கிறது. பழைய வெள்ளை ஓடுகளைச் சுவரில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். காப்பியைக் குடித்துவிட்டு எங்கே போவது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள் நான், பெரில். ஓய்வு பெற்ற பிறகும் கரண்டியைக் கீழே வைக்க மனமில்லை. அதனால் புதன்கிழமை தோறும் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். மண்டபம் என்றால் அறுநூறு வருடத்துக்கு முன்னால் கம்பளி வியாபாரிகள் சங்கம் கட்டிய கட்டடம். கீழே கல், மேலே ஓக் மரச்சட்டமும் சாந்தும், நடுவில் நின்றால் முதுகில் ஐந்து திசைக் காற்று. அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. என் மாமனாரிடம் இருந்து வந்தது.

சாப்பாட்டுக்கு முப்பத்திரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இலையுதிர் காலப் புயலில் கொல்லைப்புறக் கழிப்பறையின் கூரை விழுந்தது. அதைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடா கட்டியதோடு அந்த வேலை முடிந்தது. அடுத்த கழிப்பறை தெருவுக்கு அந்தப் பக்கம் மதுக்கடையில், நூற்றுப்பன்னிரண்டு அடி தள்ளி. எழுபது எண்பது வயதில், கைத்தடியோடு, லாரி வரும் தெருவைத் தாண்டி அவ்வளவு தூரம் போவதென்றால் சும்மாவா? மார்ச் மாதத்தில் பதின்மூன்று பேர்தான் வந்தார்கள்.

அந்தப் பதின்மூன்றில் ஒருவர் ஆல்ஃபி மவுன்சி. எண்பத்துநான்கு வயது. ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தடவை தொண்டையைச் செருமிப் பாத்துக்குவேன் கண்ணு, நாளைக்குப் பேச குரல் இருக்கான்னு," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் வாரத்தில் ஒரு நாள்தான் பேசுகிறார் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மார்ச் கடைசிப் புதன் அன்று, கஸ்டர்டு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஆல்ஃபி நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ்காரப் பெண் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நேத்து மத்தியானம்," என்றார்.

"ஏன்?"

ஆல்ஃபி என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "இங்க வரணுமில்ல," என்றார்.

மாதக்கணக்காக நான் ஊற்றிக் கொடுத்த தேநீரை அவர் உதட்டில் வைத்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறார். தொட்டியில் கொட்டியவளே நான்தான், கவனிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு விண்ணப்பம் எழுதத் தோன்றும்.

மண்டபத்துக்குள் ஒரு கழிப்பறை வேண்டும் என்று முப்பத்தொரு பக்கம் எழுதினேன். பழைய கட்டடத்தில் ஆணி அடிக்கவே அனுமதி வேண்டும், கழிப்பறை என்றால் கேட்கவா வேண்டும்? வடக்கு மூலையில், சுவரின் கனத்துக்குள்ளேயே, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு சின்னக் கல் அறை இருக்கிறது. அதுதான் வசதி என்று எழுதினேன். அங்கேதான் வந்தது வினை. அது துறவி அறை.

துறவி அறையைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஆம்ப்ரோஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். படித்தவர், கற்பனை அதிகம். ஒரு துறவி அந்த அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பிரார்த்தனை செய்தார் என்று அவர் கண்டுபிடித்தார். அறைக்குள் இடுப்புக்குக் கீழே ஒரு கல் திட்டு உண்டு. அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. துளை சுவருக்குள்ளேயே செங்குத்தாக இறங்கி, வெளியே தெருவோரம் ஒரு சின்ன வளைவில் முடியும். ஊர் மக்கள் அந்த வளைவு வழியாகத்தான் துறவிக்கு ரொட்டி அனுப்பினார்கள் என்று பாதிரியார் எழுதிவைத்தார். ரொட்டித் துளை என்று பெயரும் சூட்டினார்.

பெயர் வந்தால் வழக்கம் வராமல் போகுமா? மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை புது மேயர் பதவி ஏற்கும்போது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே இருந்து ஒரு சின்னக் கூடையில் சிலுவைக் கீறல் போட்ட இனிப்பு ரொட்டியை வைத்து, துளைக்குள்ளே தொங்கும் கயிற்றில் கட்டுவார்கள். மேயர் உள்ளே மண்டியிட்டு, திட்டின் மேல் போட்டிருக்கும் பலகையை நகர்த்தி, கயிற்றை இழுத்து, ரொட்டியை எடுத்து, கதவருகே வந்து ஊர் பார்க்க ஒரு கடி கடிப்பார். ஊரே கைதட்டும். கதவைத் திறந்து வாசலில் நிற்கும் சாவிக்காரிக்கும் அடுமனைக்காரர் ஒரு ரொட்டி தருவார். அதுவும் வழக்கம்தான். என் மாமனார் இரண்டு முறை மேயராக இருந்தவர். இரண்டு முறையும் ரொட்டியைக் கடித்துவிட்டுக் கண் கலங்கினார்.

நானும் அந்தத் துளையை வருடா வருடம் பார்த்தவள்தான். கல் திட்டில், உட்கார வசதியான உயரத்தில், வட்டமான துளை. நூற்றைம்பது வருடமாகப் படித்தவர்களும் பணக்காரர்களும் அதைக் குனிந்து பார்த்து, ரொட்டி என்று நினைத்திருக்கிறார்கள். வேறென்ன சொல்ல?

அந்த மே மாதம் புது மேயராக வரவிருந்தவன் கிளைவ் பார்ட்ரிஜ். வீடு விற்கும் தரகன், வரலாற்றுக் கழகத் தலைவன், பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் சடையை மைக்குப்பியில் தோய்த்தவன். நகர மன்றத்தில் பன்னிரண்டு வருடம் தன் முறைக்காகக் காத்திருந்தான். என் விண்ணப்பத்தைப் பார்த்ததும் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பெரில், உனக்கு மூளை கலங்கிடுச்சா? துறவி அறையில கக்கூஸா?"

"ஆல்ஃபி விழுந்தாரே, பாத்தியா?"

"பாத்தேன், பாவம்தான். அதுக்காக ஒரு புனிதமான இடத்துல போயி... ஊர் என்னைக் காறித் துப்பாதா?"

"ஊருக்குத் துப்பறதுக்காவது இடம் இருக்கு. ஆல்ஃபிக்குத்தான் இடமில்ல."

மாவட்டத்திலிருந்து தொன்மைக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரி ஜெரால்டும் வந்து பார்த்தார். மெலிந்த மனிதர், மெல்லிய குரல், எதையும் தொடமாட்டார். வழிபாட்டுத் தலம் என்பதால் அந்த அறையில் கை வைக்க முடியாது என்றார். ஆனாலும் சட்டப்படி ஒரு கட்டடத் தொல்லியலாளரை வைத்து முழுக் கட்டடத்தையும் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும், அதற்கப்புறம் பேசலாம் என்றார். அப்படித்தான் ரோவினா வந்தாள்.

ரோவினாவுக்கு நாற்பது வயதிருக்கும். கால்சட்டை முட்டியில் எப்போதும் சுண்ணாம்பு. ஒரு டார்ச்சும், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஆறு நாள் மண்டபத்தில் தவழ்ந்தாள். பென்சில் கனத்துக்கு உத்தரத்தில் துளை போட்டு மரத்தின் வளையங்களை எண்ணினாள். மரம் ஆயிரத்து நானூற்று இருபத்தாறாம் வருடக் குளிர்காலத்தில் வெட்டியது என்றாள். உத்தரங்கள் எல்லாம் உடைந்த ஸ்பானியக் கப்பலிலிருந்து வந்தவை என்று கிளைவ் ஒரு புத்தகமே போட்டிருந்தான். அவளிடம் அதைச் சொன்னேன்.

"எல்லா ஊர்லயும் இதே கதைதாங்க," என்றாள். "கடல் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"எண்பது மைல்."

"நடுவுல மலை?"

"ரெண்டு."

"ஊரைச் சுத்தி ஓக் மரக் காடு இருக்கும்போது கப்பலைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மலை ஏறினாங்களாமா?"

ஒரு மண்டபத்தை இப்படி வாசிக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தச்சன் கீறிய எண்களைக் காட்டினாள். அங்கி அறைச் சுவருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கி அறை என்பது மேயரின் சிவப்பு வெல்வெட் அங்கியும் தங்கச் சங்கிலியும் இருக்கும் செங்கல் அறை. கல் சுவரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு நேர்கோடு.

"பாத்தீங்களா, ஒண்ணையொண்ணு கோத்துக்கவே இல்ல. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க மாதிரி பக்கத்துல நிக்குது. இந்த அறை பின்னாடி ஒட்டினது. உங்க ஆம்ப்ரோஸ் பாதிரியார் காலம்."

ஆறாம் நாள் வெளியே ரொட்டித் துளைக்குக் கீழே நடைபாதைக் கல்லைப் பெயர்த்து ஒரு குழி தோண்டினாள். கறுப்பு மண். அதைச் சல்லடையில் போட்டு அலசி, தட்டு தட்டாக வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பெரில், டீ போடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

என்னைத் துறவி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைக் காட்டினாள்.

"இந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?"

"உள்பக்கம்."

"கட்டடம் கட்டின அன்னிக்கே போட்டது. துறவியை வச்சுப் பூட்டினாங்கன்னா வெளிய இருக்கணும். அவரே விரும்பி இருந்தார்னா தாழ்ப்பாளே தேவையில்ல. விளக்கு வைக்க மாடமில்ல, படுக்க இடமில்ல. ஜன்னல் உசரத்துல ஒரு கீத்து, வெளிச்சத்துக்கு இல்ல, காத்துக்கு. ஒரு மனுஷன் தனியா உக்காந்துக்கிட்டு, யாரும் வந்து கதவைத் திறந்துடக் கூடாதேன்னு நினைக்கிற இடம் எது, சொல்லுங்க?"

நான் கதவைப் பார்த்தேன். கல் திட்டைப் பார்த்தேன். வட்டத் துளையைப் பார்த்தேன்.

"ஐயையோ," என்றேன்.

"குழியில என்ன கிடைச்சுதுன்னா, செர்ரிக் கொட்டை, அத்திப்பழ விதை, மீன் முள், துடைக்கிறதுக்கு வச்சிருந்த பாசி, கம்பளித் துண்டு. நுண்ணோக்கியில பாத்தா குடல்புழு முட்டை. எல்லாம் மேலேருந்து கீழ வந்தது. கீழேருந்து மேல எதுவும் போகல."

மேலே போனது ரொட்டி மட்டும்தான், அதுவும் நூற்றைம்பது வருடமாக. எனக்கு மாமனாரின் கலங்கிய கண்கள் ஞாபகம் வந்தன. தரையில் உட்கார்ந்து விலா வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மனதுக்குள் ஒரே குதூகலம். இனி என்ன தடை? கழிப்பறையாகவே கட்டிய இடம். ஒரு பீங்கானை வைத்தால் வேலை முடிந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஜெரால்டு, கிளைவ், ரோவினா, நான் நால்வரும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். ரோவினா அறிக்கையின் சுருக்கத்தை வாசித்தாள். ஜெரால்டின் முகம் மலர்ந்தது. அந்த முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரே முறைதான்.

"அற்புதம்," என்றார். "தாழ்ப்பாளோட, திட்டோட, குழாயோட முழுசா நிக்கிற சங்கக் கழிப்பறை! நாட்டுலயே மூணோ நாலோதான் இருக்கும்."

"அப்ப வேலையை ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"என்ன வேலை?"

"கழிப்பறை."

"பெரில் அம்மா, நீங்க புரிஞ்சுக்கல. வழிபாட்டு அறைன்னா ஊருக்குத்தான் முக்கியம். இது தேசத்துக்கே முக்கியம். இதுல ஒரு திருகாணிகூட வைக்க முடியாது."

"கழிப்பறையில கழிப்பறை வைக்கக் கூடாதுங்கிறீங்க."

"இந்தக் கழிப்பறையில."

ரோவினா பெருமூச்சு விட்டுவிட்டு, அங்கி அறையைப் பற்றிச் சொன்னாள். பின்னால் ஒட்டிய செங்கல், தரைக்குக் கீழேயே சாக்கடைக் குழாய் ஓடுகிறது, எதுவும் கெடாது. ஜெரால்டு யோசித்தார். அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்றார். கிளைவுக்குத்தான் முகம் சுருங்கியது.

"அங்கியை எங்க வைக்கிறது?"

"உன் வீட்டு அலமாரியில," என்றேன்.

"அது அசல் வெல்வெட், பெரில். அதுக்குன்னு ஒரு அறை வேணும். ஈரம் ஆகாது."

"ஆல்ஃபிக்கும் ஈரம் ஆகாதுடா."

மற்ற இருவரும் போன பிறகு கிளைவ் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பதவியேற்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"பன்னண்டு வருஷம் காத்திருந்தேன், பெரில். எங்கப்பா ஒரு தடவையாவது அந்த ரொட்டியைச் சாப்பிடணும்னு ஆசைப்பட்டுச் செத்தார். அறிக்கையை ஜூன்ல வெளியிடலாம். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே. அங்கி அறைக்கு நான் பொறுப்பு."

சிறுபிள்ளையில் என் சடையைத் தோய்த்தவன்தான், ஆனாலும் அப்பாவைச் சொன்னதும் இளகிவிட்டேன். வாக்குக் கொடுத்தேன். ரோவினாவும் அறிக்கை எப்படியும் ஜூனில்தான் முடியும் என்றாள்.

பத்து நாள் கழித்து நகர மன்றத் தீர்மானம் கைக்கு வந்தது. அங்கி அறையின் எதிர்காலப் பயன்பாடு குறித்து ஆராய ஐவர் குழு. தலைவர் கிளைவ் பார்ட்ரிஜ். அறிக்கை ஓராண்டுக்குள். பொறுப்பு என்று அவன் சொன்னது இதைத்தான். ஆல்ஃபிக்கு எண்பத்துநான்கு வயது, அவரிடம் போய் ஓராண்டு என்று எந்த வாயால் சொல்வேன்? ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. கொடுத்த வாக்கு தடுத்தது. அவனுக்கு வாக்கு தண்ணீரில் எழுதிய எழுத்து, எனக்கு அப்படியில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பதவியேற்பு நாள் அன்று நல்ல வெயில், ஆனால் காற்றில் பல் கிட்டியது. மண்டபத்துக்குள்ளும் வாசலிலுமாக நானூறு பேர் கூடியிருந்தார்கள். பித்தளை வாத்தியக் குழு வந்திருந்தது. ஆல்ஃபி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாரணர் பிள்ளைகள் எல்லோருக்கும் சூடாகத் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"இன்னிக்கு ஊர்த் திருவிழா," என்று என்னைப் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு." மடக் மடக்கென்று குடித்தார்.

அடுமனைக்காரர் கொடுத்த சாவிக்காரி ரொட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பயத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளைவ் அங்கியில் வந்து பேச ஆரம்பித்தான். துறவியின் தவம், துறவியின் பசி, ஊரின் கருணை, ஸ்பானியக் கப்பல். நாற்பது நிமிடம் ஆயிற்று. இருபதாவது நிமிடத்தில் ஆல்ஃபி கால்மாற்றி உட்கார்ந்தார். முப்பதாவது நிமிடத்தில் திறந்த வாசல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் மதுக்கடையைப் பார்த்தார். நடுவில் நானூறு பேர், ஊர்வல வண்டி, வாத்தியக் குழு. அதற்குள் வெளியே பிள்ளைகள் கூடையோடு தயார் என்று ஆசிரியை கைகாட்டினாள், நான் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

பேச்சு முடிந்தது. ஊர்வலம் துறவி அறை வாசலுக்கு வந்தது. நான் சாவியைக் கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, காலையிலேயே திறந்துவைத்திருந்தேன். கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

"தள்ளு," என்றான் கிளைவ் உதட்டை அசைக்காமல்.

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்."

ஊர்வலத்தில் மேயருக்கு முன்னே வெள்ளிக் கோல் ஏந்தி வந்தவர் முன்னால் வந்து, கோலின் முனையால் கதவை மூன்று முறை கம்பீரமாகத் தட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆள் இருக்கு!"

நானூறு பேரும் கேட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் குணம் அது. வானம் இடிந்து தலையில் விழுந்தாலும் யாராவது ஒருவர் வானிலையைப் பற்றிப் பேசுவார்.

"கதவை உடைங்க," என்று சீறினான் கிளைவ்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெரால்டு ஓடி வந்தார். "யாரும் தொடக் கூடாது! ஆயிரத்து நானூத்து இருபதுகளோட கதவு! ஒரு விரல் பட்டுச்சுன்னா வழக்குப் போடுவேன்!" என்று கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். எதையும் தொடாத மனிதர், அன்று கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

சங்கடத்தை மறைக்க வாத்தியக் குழு ஒரு பாட்டை எடுத்தது. இரண்டாம் சரணத்தில், வெளியே சுவருக்குக் கீழே நின்ற ஒரு குழந்தையின் குரல் ஜன்னல் கீற்று வழியாகத் தெளிவாகக் கேட்டது. "டீச்சர், மழை பெய்யலையே. கூடை மட்டும் ஏன் நனையுது?"

தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. ஜெரால்டு விலகினார். ஆல்ஃபி வெளியே வந்தார். கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார், தொப்பி நேராக இருந்தது. முகத்தில் இவ்வளவு நிம்மதியை நான் அந்த வருடம் யாரிடமும் பார்க்கவில்லை.

"மன்னிக்கணும், காக்க வச்சுட்டேன்," என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னார். என்னைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார். "தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி நகருது கண்ணு. அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான்."

கிளைவ் உள்ளே போனான். வழக்கப்படி கதவைப் பாதி சாத்தி, ஊருக்கு முதுகைக் காட்டி நான் வாசலில் நின்றேன். மண்டியிட்டான். கயிற்றை இழுத்தான். கூடை மேலே வந்தது. ரொட்டியைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பெரில், இது ஈரமா இருக்கு."

"தெரியும்."

"மழையா?"

"வெயிலடிக்குது, கிளைவ்."

அவன் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்து அங்கிக்குப் போய்விட்டது. வெளியே பாட்டு முடிந்து அமைதியானது. நானூறு பேர் ஒரு கடிக்காகக் காத்திருந்தார்கள்.

"என்ன பண்றது?" என்று கிசுகிசுத்தான்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே. நூத்தைம்பது வருஷ வழக்கம். சாப்பிடு."

"பெரில். தயவு பண்ணு."

கோட்டுப் பையிலிருந்து சாவிக்காரி ரொட்டியை எடுத்தேன். காய்ந்த ரொட்டி. சிலுவைக் கீறலில் சர்க்கரை மினுங்கியது. அவன் கை நீண்டது. நான் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அங்கி அறை," என்றேன்.

"அதுக்குத்தான் குழு போட்டிருக்கோமே..."

ரொட்டியைத் திரும்பப் பையில் போட்டேன்.

"சரி! சரி! எடுத்துக்கோ!"

"என்கிட்ட சொன்னா ஆகாதுடா. போன தடவை என்கிட்டதான் சொன்னே. வெளிய நிக்கிறாங்க பாரு, அவங்ககிட்ட சொல்லு. சொல்லிட்டு வா, தர்றேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை வாழ்நாளில் மறக்கமாட்டேன். மைக்குப்பிக்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கதவிடுக்கில் தலையை நீட்டி, இரண்டு முறை கனைத்து, அவன் உரத்த குரலில் அறிவித்தான். "மேயராக என்னுடைய முதல் நடவடிக்கை... அங்கி அறையை, புதன்கிழமைச் சாப்பாட்டுக்கு வரும் பெரியவர்களுக்கு, கழிப்பறை கட்டுவதற்காக, இன்றே ஒப்படைக்கிறேன்!"

ஊர் ஒரு கணம் திகைத்தது. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பின்வரிசைக் கிழவிகள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிளைவ் தலையை உள்ளே இழுத்து, கையை நீட்டி, காய்ந்த ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே போய் ஒரு கடி கடித்தான். அவனுக்கும் கண் கலங்கியது. கருணையுள்ள மேயர் என்று அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது.

ஜூனில் ரோவினாவின் அறிக்கை வெளியானது. கடைசிப் பக்கத்தில், 'அறையின் பயன்பாடு அண்மையில் நேரடியாகவும் உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. ஊர் இடிந்து போகும் என்று நான் நினைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போதைய பாதிரியார், "துறவியும் மனுஷன்தானே, அவருக்கும் வந்திருக்கும்," என்றார், ஊர் அதையே பிடித்துக்கொண்டது. 'துறவி அறை' என்று பொறித்த பித்தளைத் தகடு அந்தக் கதவருகே அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மே மாதமும் ரொட்டி மேலே போகும், காகிதத்தில் சுற்றி.

ஆல்ஃபியிடம் எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏழு வயசுல. எங்கப்பா கொத்தனார். அந்தக் குழாயை அடைப்பெடுத்தவர் அவர்தான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

"இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலியே. எல்லாரும் சந்தோஷமா தின்னுக்கிட்டிருந்தாங்க, நான் ஏன் கெடுக்கணும்?"

செப்டம்பரில் கழிப்பறை திறந்தது. கிளைவ் நாடாவை வெட்டினான். கதவுக்கு மேலே அவன் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. ஊரில் ஒரு சுவரிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை இருபத்தொன்பது பேர் வந்தார்கள். லீக் வெங்காய சூப், உருளைக்கிழங்கு மூடிய ஆட்டுக்கறி, கஸ்டர்டு. கோப்பைகளை எடுக்க மேசை மேசையாகப் போனேன். ஆல்ஃபியின் கோப்பையைத் தொட்டியில் கொட்டலாம் என்று பழக்கத்தில் கையை நீட்டினேன். அதில் கொட்ட ஒன்றுமில்லை. அடியில் இலைத்தூள் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

ஆல்ஃபி கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்ணு ஊத்து கண்ணு," என்றார். "நிறைய ஊத்து."